நம் ஆற்றின் பெயரைச் சுமக்கும் மீன் நம் வீட்டில் ஏன் இல்லை?

சற்று நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் வீட்டு மீன் தொட்டியின் படத்தைப் போட்டிருந்தேன். அதன் கீழே நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், சின்னதா, வித்தியாசமா, யார் வீட்டிலும் இல்லாத மீனா ஒண்ணு சொல்லுங்க." தனித்தனியாக எழுதுவதைவிட ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் அரிதாகவும், நம் ஊர்த் தண்ணீரில் ஏராளமாகவும் இருக்கிற மீனைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரில் அருகிப்போன மீனைக் கடையில் கண்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இதுதான் என் கட்சி. ஏன் என்பதை இனி விவரமாகச் சொல்கிறேன்.

முதலில், இப்போது நாம் என்ன வாங்குகிறோம் என்று பார்ப்போம்.

நம் வீடுகளில் நான் பார்க்கும் தொட்டிகளில் பெரும்பாலும் நாலு வகைதான். ஒன்று, கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன். இரண்டு, தலையில் புடைப்போடு இருக்கும் ஃப்ளவர்ஹார்ன். வாஸ்துவுக்கு நல்லது, வியாபாரம் பெருகும் என்று சொல்லி விற்கிறார்கள். அது எந்த ஆற்றிலும் இயற்கையாகப் பிறந்த மீனே அல்ல. 1990களில் மலேசியாவில் பல இனங்களைக் கலந்து உண்டாக்கியது. மூன்று, ஆஸ்கார். கடையில் இரண்டு அங்குலம் இருக்கும். தென் அமெரிக்காக்காரர். வளர்ந்தால் ஓர் அடி. நான்கு, "பாசியைத் தின்னும், தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று சொல்லிக் கொடுக்கும் டேங்க் கிளீனர். அதுவும் தென் அமெரிக்காதான். விரல் நீளத்தில் வாங்குவது நன்றாக வளர்ந்தால் ஒன்றரை அடியைத் தொடும்.

இரண்டடித் தொட்டியில் ஓரடி மீன் திரும்பவும் இடம் இல்லாமல் நிற்கிறது. குழந்தைகள் ஒரு மாதம் வேடிக்கை பார்க்கிறார்கள். பிறகு யாருக்கும் அதன்மேல் அக்கறை இல்லை. ஆறு மாதத்தில் தொட்டி மாடிப்படிக்குக் கீழே போய்விடுகிறது. மீன்? அது எங்கே போகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதுதான் இந்தப் பதிவின் வருத்தமான பகுதி.

ஆகவே சின்ன மீன் வேண்டும் என்று கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். சின்ன மீன் என்றால் சின்னத் தொட்டி போதும். கழிவு குறைவு. தீனிச் செலவு குறைவு. எல்லாவற்றையும்விட, ஒரு பெரிய மீன் நிற்கும் இடத்தில் ஒரு சின்ன மீன் குடும்பமே வாழ்வதைப் பார்க்கலாம். கூடு கட்டும், சண்டை போடும், முட்டையைக் காக்கும். என்னைக் கேட்டால், மீன் வளர்ப்பதே அதைப் பார்ப்பதற்குத்தான்.

எந்தச் சின்ன மீன்? இங்கேதான் நம் அரியாங்குப்பம் ஆறு வருகிறது.

செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, வில்லியனூரைத் தாண்டி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுண்ணாம்பாறு. மற்றொன்று அரியாங்குப்பம் ஆறு. ரோமாபுரிக் கப்பல்கள் வந்த அரிக்கமேடு இந்த ஆற்றின் கரையில்தான் இருக்கிறது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத இன்னொரு சேதி சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து செடிகளும் பறவைகளும் மீன்களும் பாரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. 1816ல் இங்கு வந்து சில ஆண்டுகள் தங்கிய லெஷெனோ என்ற இயற்கை ஆய்வாளர் அப்படி நிறைய அனுப்பியவர். பாரிஸில் குவியே என்ற பெரிய அறிஞர், வலான்சியேன் என்பவரோடு சேர்ந்து உலக மீன்களையெல்லாம் வகைப்படுத்திப் பல தொகுதிகளாகப் புத்தகம் எழுதினார். 1831ல் வந்த ஏழாம் தொகுதியில் நம் ஊர் ஆற்றில் கிடைத்த ஒரு சின்ன மீனைப் பற்றி எழுதினார்கள். அரியாங்குப்பத்தைப் பிரெஞ்சுக்காரர் "ஆரியான் கூப்பாங்" என்று எழுதுவார்கள். அந்தக் கூப்பாங்கை வைத்தே மீனுக்குக் "குபானஸ்" என்று பெயரிட்டார்கள். இன்று அதன் முழு அறிவியல் பெயர் சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ். ஜப்பானில் ஒருவர் இந்த மீனைப் பற்றி எழுதினாலும், ஜெர்மனியில் ஒருவர் இதைத் தொட்டியில் வளர்த்தாலும், தெரிந்தோ தெரியாமலோ நம் அரியாங்குப்பத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நான் பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்த காலத்தில், வாய்க்காலில் துணி வீசி இந்த மீனைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். "இது என்னடா?" "பொடி மீன் டீச்சர்." அவ்வளவுதான். கெண்டைக் குஞ்சும் பொடி, இதுவும் பொடி.

இந்த மீன் ஆறேழு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. முதலில் பார்த்தால் பழுப்பாக, சாதாரணமாக இருக்கும். வாலின் நடுமுள் மட்டும் கூராக நீண்டிருக்கும். கடைத் தொட்டியில், பளீர் விளக்கின் கீழ், பயந்து நிற்கும்போது இதை யாரும் வாங்க மாட்டார்கள். மீன் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் அதைத்தான் சொன்னான். "பளபளன்னு இல்லாத மீனு நகராது டீச்சர்." அவன் பிழைப்பு அவனுக்கு. ஆனால் கொஞ்சம் செடியும் நிழலும் உள்ள தொட்டியில் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். ஆணின் துடுப்புகளில் சிவப்பு ஏறும். ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு தெரியும். இனப்பெருக்க நேரத்தில் பெண் மீன் கறுத்துப் போகும். பொதுவாக மீன்களில் ஆண்தான் நிறம் மாறி மினுக்கும். இங்கே பெண்ணும் நிறம் மாறுகிறாள்.

அப்புறம் கூடு. ஆண் மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி, எச்சில் பூசிய குமிழிகளாக ஓர் இலையின் அடியில் ஒட்டி வைக்கும். பெண் இடும் முட்டைகளை வாயால் பொறுக்கி அந்தக் குமிழிக் கூட்டில் வைக்கும். ஒன்று நழுவி விழுந்தால் ஓடிப்போய்ப் பிடித்துத் திரும்ப வைக்கும். குஞ்சு பொரித்து நீந்தத் தொடங்கும்வரை காவல் அதன் வேலைதான். இதைப் பார்த்த குழந்தைக்கு "உயிரினங்களின் குஞ்சு பராமரிப்பு" என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அது காற்றை விழுங்குவதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இதன் தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஒரு தனி உறுப்பு உண்டு. பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்புதான். பனையேறிக் கெண்டை மரம் ஏறியதாக 1797ல் எழுதி வெளியிட்டு உலகத்தை வியக்க வைத்தவர் நம் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டென்மார்க்கு அதிகாரி. கோடையில் தண்ணீர் குறைந்து, சூடேறி, பிராணவாயு இல்லாமல் மற்ற மீன்கள் செத்து மிதக்கும் குட்டையில் இந்த இரண்டும் தாக்குப்பிடிப்பதற்கு அந்த உறுப்புதான் காரணம். வீட்டில் மின்சாரம் போனால் ஏரேட்டர் நின்றுவிடுமே என்ற பயம் குபானஸ் வளர்ப்பவருக்குக் கிடையாது. நம் ஊர் மின்வெட்டுக்கு ஏற்ற மீன்!

இரண்டாவதாக நான் சொல்வது, நெற்றியில் வெள்ளிப்பொட்டு வைத்த மீன். ஏரி ஓரம் குனிந்து பார்த்தால் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே அசையாமல் நிற்கும். மேலிருந்து பார்க்கும்போது தலையில் ஒரு பொட்டு மட்டும் மின்னும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் "பொட்டு மீன்" என்பார்கள். கேரளத்தில் "மானத்துக்கண்ணி" என்று அழகான பெயர். வானத்தைப் பார்க்கும் கண்ணுடையது. அப்லோகைலஸ் என்ற இந்தக் குடும்பத்தில் நம் பக்கத்துக் குட்டைகளில் வாழும் மிகச் சிறிய இனத்துக்குப் "பார்வஸ்" என்று பெயர். சின்னது என்று பொருள். 1916ல் அதற்குப் பெயர் வைத்தவர் சென்னையில் மீன் ஆராய்ச்சி செய்த சுந்தரராஜ். வெள்ளைக்காரர்தான் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார்கள் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்தப் பொட்டு மீன் கொசுப்புழுவை விரும்பித் தின்னும். கொசுப்புழு நீர்மட்டத்தில்தான் தொங்கும், இதன் வாயும் மேல்நோக்கித்தான் இருக்கும். இப்படி ஒரு மீன் நம் தண்ணீரிலேயே இருக்கும்போது, கொசுவை ஒழிக்க அமெரிக்காவைச் சேர்ந்த கம்பூசியா மீனை 1928ல் இத்தாலி வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது கொசுப்புழுவோடு நிற்கவில்லை. நாட்டு மீன்களின் முட்டை, குஞ்சு, தவளைக் குஞ்சு எல்லாவற்றையும் தின்றது. இன்றைக்கும் பல கிணறுகளில் நாம் பொட்டு மீனை விடுவதில்லை, கம்பூசியாவையும் கப்பியையும்தான் விடுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்திருக்க, வேலைக்கு ஆளை வெளிநாட்டில் தேடிய கதை இது.

மூன்றாவது, நெல்வயல் மீன். இதன் குடும்பத்துக்கே "ஒரைசியஸ்" என்று பெயர். நெல்லுக்கு லத்தீனில் ஒரைசா. கண்ணாடி போன்ற உடம்பு, பெரிய நீலக் கண். பெண் மீன் முட்டைகளைக் கொத்தாக வயிற்றுக்கு அடியில் சிறிது நேரம் சுமந்து திரிந்து, பிறகு பாசியில் ஒட்டும். பத்துப் பதினைந்தாகக் கூட்டமாக வளர்த்தால்தான் அழகு. இதில் சில இனங்கள் கழிமுகத்து உப்புத் தண்ணீரிலும் வாழும்.

உப்புத் தண்ணீர் என்றதும் நான்காவது ஞாபகம் வருகிறது. கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுகிறார்களே, அதன் சின்னத் தம்பி. மஞ்சள் உடம்பில் நடுவில் கறுப்புப் பொட்டு. கடைக்காரர்கள் ஆரஞ்ச் குரோமைட் என்பார்கள். இதில் தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சுகளைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் சுரக்கும் கோழையை மேய்ந்து வளரும். ஏறக்குறைய பால் குடிப்பதுபோல. எட்டு சென்டிமீட்டர் அளவு வளரும், கொஞ்சம் முரட்டுக் குணம் உண்டு. ஆகவே இதற்கு மட்டும் மூன்றடித் தொட்டி வையுங்கள்.

இந்த நான்கைச் சொல்வதற்கு ஊர்ப்பற்று மட்டும் காரணமில்லை. தண்ணீர்தான் முக்கியக் காரணம்.

நாங்கள் பிள்ளைச்சாவடியில் கடலோரம் இருக்கிறோம். போர் தண்ணீர் கடினநீர். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் 32, 33 டிகிரிக்குப் போகும். கடையில் நீலமும் சிவப்புமாக மின்னும் நியான் டெட்ரா அமேசான் காட்டில் இலை ஊறிய மென்னீரில் பிறந்த இனம். இன்று பண்ணையில் பிறப்பவை ஓரளவு தாங்கும் என்றாலும், நம் மே மாதத்தில் அவற்றைக் காப்பாற்றுவது பெரும்பாடு. ஒன்றொன்றாகச் செத்து மிதக்கும், நாம் மறுபடி போய் வாங்குவோம். குபானஸுக்கும் பொட்டு மீனுக்கும் இந்தத் தண்ணீரும் இந்த வெயிலும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பழக்கம். ஹீட்டரும் வேண்டாம், கூலரும் வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு மீனவ அம்மா என் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏன் டீச்சரம்மா, குழம்புக்கும் ஆகாத இந்தப் பொடியைப் போயி கண்ணாடிப் பெட்டியில வச்சு சோறு போடறீங்களே." அவரிடம் நான் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். குழம்புக்கு ஆகிற மீனைக் காப்பாற்ற ஊரே இருக்கிறது. சங்கம் இருக்கிறது, தடைக்காலம் இருக்கிறது, துறை இருக்கிறது. குழம்புக்கு ஆகாத மீனுக்கு யார் இருக்கிறார்கள்?

சரி, மறுத்துப் பேசுகிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு கேள்விகள் வரும்.

முதல் கேள்வி: "இயற்கையில் இருக்கிற மீனைப் பிடித்து வந்து அடைப்பது சரியா? எல்லோரும் பிடிக்க ஆரம்பித்தால் அழிந்துவிடாதா?"

நியாயமான கேள்வி. அழிந்திருக்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் ஒரு கெண்டை இனம், உடம்பில் சிவப்புக் கோடு, கறுப்புக் கோடு. சென்னை மாகாண ஆளுநராக இருந்த டெனிசன் பெயரை 1865ல் ஃபிரான்சிஸ் டே என்பவர் அதற்கு வைத்தார். நூற்றுமுப்பது வருடம் அது நிம்மதியாக இருந்தது. 1990களில் அலங்கார மீன் சந்தைக்காரர்கள் கண்ணில் பட்டு "மிஸ் கேரளா" என்று பெயர் மாறியது. பிறகு ஓடை ஓடையாக அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். இன்று அது அழிவின் விளிம்புப் பட்டியலில் இருக்கிறது. 2022ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலிலும் சேர்த்தார்கள். "வித்தியாசமான மீன் வேண்டும்" என்று ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே பாடம்.

அதனால்தான் "அரிதான மீன்" என்று நான் சொல்லவில்லை, "கடையில் அரிதான, தண்ணீரில் ஏராளமான மீன்" என்று சொன்னேன். மிஸ் கேரளா ஒரு சில மலை ஓடைகளில் மட்டும் வாழ்கிறது. குபானஸ் தென்னிந்தியா முழுவதும், இலங்கையிலும், வயல் வாய்க்காலிலும் குட்டையிலும் வாழ்கிறது. உலக அளவில் அழிவு அபாயம் குறைந்த இனமாகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். தை, மாசியில் கழனி வாய்க்கால் வற்றும்போது கடைசிப் பள்ளத்தில் நூற்றுக்கணக்கில் தேங்கி, கொக்குக்கும் வெயிலுக்கும் போகும். அங்கிருந்து ஆறு மீனை எடுப்பதால் எதுவும் குறைந்துவிடாது.

எடுப்பதற்கு ஒழுங்கு உண்டு. சரணாலயமாக இருக்கும் ஊசுடு ஏரியில் கை வைக்கக் கூடாது. கோவில் குளத்திலும் குத்தகைக் குளத்திலும் கேட்காமல் இறங்கக் கூடாது. வற்றும் வாய்க்காலில், நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, சிறிய கைவலையால் ஆறு மீன். அதற்கு மேல் வேண்டாம். வயிறு புடைத்த பெண் மீன் வந்தால் திரும்ப விடுங்கள். குழந்தைகளைத் தனியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். மதகுப் பள்ளத்தின் ஆழம் மேலே தெரியாது. ஆறு மீன் உங்கள் தொட்டியில் குஞ்சு வைத்துவிட்டால், பக்கத்து வீட்டுக்கும் பள்ளிக்கும் நீங்களே கொடுக்கலாம். இரண்டாவது முறை வாய்க்காலுக்குப் போகவே வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: "பார்க்க மந்தமாக இருக்கிறதே, குழந்தைகளுக்குப் பிடிக்குமா?"

முப்பது வருடத்துக்கு மேல் குழந்தைகளோடு இருந்தவள் சொல்கிறேன். குழந்தைக்கு நிறம் ஒரு நாள் பிடிக்கும். செயல் தினமும் பிடிக்கும். கூடு கட்டுகிற பழுப்பு மீனுக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளை எழுந்து போகாது. சும்மா நிற்கிற சிவப்பு மீனுக்கு முன்னால் ஐந்து நிமிடம் தாங்காது.

இப்போது அந்த வருத்தமான பகுதிக்கு வருகிறேன். பெரிதாக வளர்ந்துவிட்ட மீனை நாம் என்ன செய்கிறோம்? கொல்ல மனம் வருவதில்லை. "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஏரியிலோ குளத்திலோ விட்டுவிட்டு, புண்ணியம் செய்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். அது புண்ணியம் இல்லை நண்பர்களே. டேங்க் கிளீனர் இன்று சென்னைச் சுற்றுவட்டார நீர்நிலைகளில் மீனவர் வலையில் கொத்துக் கொத்தாக மாட்டுகிறது. அதன் முள் வலையைக் கிழிக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது, கரை சரிகிறது. தோல் கவசம்போல இருப்பதால் கொக்கும் தின்ன முடியாது, நாமும் தின்பதில்லை. நாட்டு மீன் தின்ன வேண்டிய பாசியை அது தின்கிறது. அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னொரு பக்கம் வாயில் அகப்படும் சின்ன மீனையெல்லாம் விழுங்குகிறது. நாம் வேலை பார்த்த ஊர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், எல்லா ஊர்க் குளமும் இதே வழியில் போகிறது.

வாங்கிய மீனை வளர்க்க முடியவில்லை என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வேறு யாரிடமாவது கொடுங்கள். பொது நீரில் மட்டும் விடாதீர்கள். நாட்டு மீனாக இருந்தாலும், கடை மீனோடு ஒரே தொட்டியில் இருந்திருந்தால் நோய் ஒட்டியிருக்கும். அதையும் விடாதீர்கள்.

இனி, தொட்டி வைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. கிண்ணம் வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி வாங்குங்கள். ஐம்பது லிட்டருக்கு மேல் கொள்ளும். ஆறு குபானஸ் அல்லது எட்டுப் பொட்டு மீனுக்கு அது போதும்.

2. மீனுக்கு முன்னால் தண்ணீரைத் தயார் செய்யுங்கள். மீன் கழிவில் அம்மோனியா உண்டாகும், அது விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் ஃபில்டரிலும் குடியேற நாலைந்து வாரம் ஆகும். செடியை நட்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகைத் தீனி போட்டுக் காத்திருங்கள். தீனி மக்கி வரும் அம்மோனியாதான் அந்த நுண்ணுயிர்களுக்கு உணவு. இந்தப் பொறுமை இல்லாததால்தான் பாதித் தொட்டிகள் முதல் மாதத்திலேயே காலியாகின்றன.

3. குழாய்த் தண்ணீர் என்றால் வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். குளோரின் போய்விடும்.

4. வேலம்பாசி, மிதக்கும் செடி, தெருவில் உதிரும் பாதாம் இலை காய்ந்தது இரண்டு. இவ்வளவுதான் அலங்காரம். குபானஸ் கூடு கட்ட அகலமான இலை ஒன்று நீர்மட்டத்தில் வேண்டும். அதனால் ஃபில்டர் காற்றை மெதுவாக வையுங்கள். தண்ணீர் அலைந்தால் கூடு கலையும்.

5. மூடி கட்டாயம். பொட்டு மீன் தாவும். காலையில் தரையில் கருவாடாகக் கிடக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு விரல் காற்று இடைவெளி விடுங்கள்.

6. பொட்டு மீனையும் நெல்வயல் மீனையும் ஒன்றாகப் போடாதீர்கள். வாயில் அடங்குகிற எதையும் பொட்டு மீன் விழுங்கப் பார்க்கும்.

7. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். முழுவதையும் கொட்டிக் கழுவி, நுண்ணுயிரையும் சேர்த்துக் கொன்றுவிடாதீர்கள்.

8. வாய்க்கால் மீனை நேரே தொட்டியில் போடாமல் பத்துப் பதினைந்து நாள் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். கொசுப்புழு கிடைத்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் கடைத் தீனியைப் பொடித்துக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. இதெல்லாம் பொழுதுபோக்கு விஷயம், இதற்கு இவ்வளவு நீளமா என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

பாகூர் ஏரியில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து போகும் வாய்க்கால்கள் பல இடங்களில் சிமென்ட் பூசி, பாசியும் சேறும் இல்லாத வெறும் குழாய்களாகிவிட்டன. கழனிகள் மனைகளாகின்றன. குட்டைகள் முதலில் குப்பைமேடாகி, பிறகு கட்டடமாகின்றன. இருக்கிற கழனியிலும் பூச்சிமருந்து. ஒரு வாய்க்காலைச் சிமென்ட் போடும்போது அதில் என்ன இருந்தது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. என்ன இருந்தது என்று தெரிந்தவர் இல்லை, ஆகையால் என்ன போனது என்றும் தெரிந்தவர் இல்லை. புலி போனால் நாடு முழுக்கப் பேசும். பெயர் தெரியாத பொடி மீன் போனால் போனதே தெரியாது.

நம் வீட்டுத் தொட்டி ஒரு வாய்க்காலைக் காப்பாற்றிவிடாது. அந்த மயக்கம் எனக்கு இல்லை. ஆனால் குபானஸ் கூடு கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நாளைக்கு அதிகாரியாகவோ பொறியாளராகவோ உட்காரும்போது, வாய்க்கால் கரையில் சிமென்ட் பூசும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கும். "இங்கே ஒரு மீன் இருந்ததே" என்று கேட்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், நிலத்தில் வேலை செய்தவர்களாக இருந்தால், இந்த இரண்டு மீன்களையும் அடையாளம் சொல்லி உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்வார்கள் என்று கேளுங்கள். கூர்வால் பழுப்பு மீனுக்கு ஒன்று, நெற்றிப்பொட்டு மீனுக்கு ஒன்று. ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். கரையாம்புத்தூர், நெட்டப்பாக்கம், திருபுவனை, மண்ணாடிப்பட்டுப் பக்கத்து நண்பர்கள் கட்டாயம் எழுதுங்கள். கடலூர், விழுப்புரத்துக்காரர்களும் எழுதலாம். தமிழில் நிச்சயம் நாலைந்து பெயராவது இருக்கும். வந்த பெயர்களையெல்லாம் தொகுத்து, அடுத்த பதிவில் போடுகிறேன்.